தெப்பமும் லாக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தைப்பூசத்தின்போது மயிலாப்பூர் தெப்பத்தை மொபைலில் வீடியோ எடுத்தேன். தெப்பம் பக்கத்தில் வந்தால் சுற்றிலும் கும்மிருட்டாகிறது. தள்ளிப் போனதும் படியில் நிற்கும் கூட்டம் வெளுத்துப் போகிறது. நடுநடுவே மங்கி மங்கித் தெளிகிறது. பெசன்ட் நகரில் சூரிய உதயத்தில் எடுத்த படத்தில் அம்மாவின் முகமே தெரியவில்லை. புது போன்தான். தனியாக ஆப் ஏதும் போட வேண்டுமா?

வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

போனில் கோளாறு இல்லை, ஆப்பும் வேண்டாம். கேமராவுக்குச் சாமியும் தெரியாது, குளமும் தெரியாது. ஃபிரேமில் விழும் வெளிச்சத்தைக் கூட்டிக் கழித்து நடுவாந்தரமாக ஒரு அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சீரியல் பல்பு ஜொலிக்கிற தெப்பம் ஃபிரேமை அடைத்தால் வெளிச்சத்தைக் குறைக்கும். அது நகர்ந்து கறுப்புத் தண்ணீர் மிஞ்சினால் கூட்டும். ஃபோட்டோவில் இது பெரிய தொல்லை இல்லை. வீடியோவில்தான் மானம் போகும்.

அடுத்த முறை தெப்பம் எதிர்க்கரையில் இருக்கும்போதே ஜூம் எவ்வளவு என்று முடிவு செய்துவிடுங்கள். பிறகு தெப்பத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் மஞ்சள் எழுத்தில் 'ஏஇ/ஏஎஃப் லாக்' என்று வரும். சாம்சங் போன்றவற்றில் பூட்டுப் படம் வரும். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் மாறாமல் பூட்டிவிட்டது என்று அர்த்தம். பக்கத்திலேயே சின்னதாக ஒரு சூரியனோ பல்போ, ஒரு கோடோ தெரியும். அதை வெளிச்சம் குறையும் பக்கமாகக் கொஞ்சம் இழுங்கள். எவ்வளவு என்றால், வெள்ளைத் திட்டாகத் தெரிந்த பல்புகள் தனித்தனிப் புள்ளியாகப் பிரியும் வரை. கூட்டம் இருட்டில்தான் இருக்கும். இருக்கட்டுமே, ராத்திரிதானே? அப்புறம் ரெக்கார்ட். நடுவில் திரையை வேறெங்கும் தட்டாதீர்கள், தட்டினால் லாக் போய்விடும்.

தெப்பம் எப்படியும் பல மீட்டர் தள்ளியே சுற்றுவதால் ஃபோகஸைப் பூட்டி வைப்பதில் பயமில்லை. மொபைலின் சென்சார் சின்னது, தூரத்தில் உள்ளதெல்லாம் ஏறக்குறைய ஒரே தெளிவில் விழும். வடக்கு மாட வீதியில் பூக்கட்டுகிறவரின் கையை நெருங்கி எடுக்கும்போதுதான் ஜாக்கிரதை. லாக் போட்ட பிறகு ஒரு சாண் முன்னே போனாலும் மல்லிகை மங்கிவிடும். நகர்ந்தால் மறுபடி போடுங்கள்.

சரி, அம்மா படம். அங்கே லாக் பாதிதான் உதவும். முகத்தில் போட்டால் வானம் வெளுக்கும், வானத்தில் போட்டால் முகம் கறுக்கும். வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் சமன்செய்யப் போனே செய்யும் எச்டிஆர் ஓரளவுதான் ஈடுகட்டும். கட்டுமரத்தை நிழலுருவமாக எடுக்க வானத்தில் லாக் போடுவது அருமையான வழி. அம்மாவுக்கு அது வேண்டாம். நம் கடல் கிழக்கே இருக்கிறது. நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அம்மாவைக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கடற்கரையில் உள்ள ஷ்மிட் நினைவிடத்தையும் கடற்பக்கம் போய்ப் பாருங்கள், ரோட்டுப் பக்கம் கறுப்பாய்த் தெரிந்த சுவரில் வெயில் அடிக்கும். கண் கூசுகிறது என்று அம்மா சொல்வதற்குள் எடுத்துவிடுங்கள்.