காலிச் சாலையில் கார் ஏன் தானாக பிரேக் போடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முன்னால் எந்த வண்டியும் இல்லாதபோது என் கார் திடீரென்று பலமாக பிரேக் போடுகிறது. பெரும்பாலும் ஒரே மேம்பாலத்தின் அடியில்தான். பின்னால் வருபவர் மோதிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது நல்ல துப்பு. பாகம் எதுவும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்த இடத்தை சென்சார்கள் தவறாகப் புரிந்துகொள்கின்றன.

மோதல் வரும் என்று கருதினால் காரே பிரேக் போடும் இந்தத் தானியங்கி அவசர பிரேக்குக்குப் பெரும்பாலான கார்களில் இரண்டு கண்கள். ஒன்று, முன் பம்பருக்கோ, நிறுவனச் சின்னமான எம்பளத்துக்கோ பின்னால் இருக்கும் ரேடார். மற்றது, முன் கண்ணாடியின் உட்புறம் மேலே ஒட்டியிருக்கும் கேமரா. தூரத்தையும் வேகத்தையும் ரேடார் துல்லியமாக அளக்கும். உயரத்தைச் சொல்வதில்தான் பல ரேடார்கள் பலவீனமானவை. தலைக்கு மேலே இருக்கும் இரும்பு உத்தரமும் அறிவிப்புப் பலகையும் சாலையிலேயே நிற்பதுபோல அதற்குத் தெரியலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நின்றுபோன கார், பாலம், ஓரத் தடுப்பு என அசையாத எல்லாமே, ரேடாரின் கணக்கில் உங்கள் கார் ஓடும் அதே வேகத்தில் எதிரே வருகின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கினால் உண்மையிலேயே நின்றிருக்கும் காரில் மோத நேரும். எல்லாவற்றையும் நம்பினால் பாலத்துக்குப் பாலம் பிரேக் விழும். அதனால்தான் கேமராவின் சாட்சியைக் கேட்கிறார்கள். வெயிலிலிருந்து பாலத்தின் கருநிழலுக்குள் நுழையும் நொடியிலும், தாழ்ந்த சூரியன் நேரே அடிக்கும்போதும் அந்தச் சாட்சி தடுமாறும். வளைவின் வெளி ஓரத்தில் நிறுத்திய கார், சாலையில் பதித்த இரும்புத் தகடு, மேடு தொடங்கும் பள்ளம் ஆகியவையும் இதேபோல் ஏமாற்றக்கூடியவை.

செய்ய வேண்டியது: இடம், நேரம், வேகம், சூரியன் இருந்த திசை, மீட்டரில் வந்த எச்சரிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது அடாப்டிவ் க்ரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்ததா என்பதும் முக்கியம். மெதுவாக வேகம் குறைந்தால் அது க்ரூஸின் வேலையாக இருக்கலாம். ஒலியோடு வரும் முரட்டு பிரேக்தான் அவசர பிரேக். இந்தக் குறிப்புகளோடு போனால், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி ரேடார், கேமரா யூனிட்களில் பதிவானதைப் பார்ப்பார்கள். புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே இடத்தில் இல்லாமல் பல இடங்களில் நடந்தால் முதல் சந்தேகம் ரேடாரின் குறி (அது பார்க்கும் திசை) மீதுதான் விழ வேண்டும்.

அந்த நொடியில் பாதை காலி என்று உறுதியாகத் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தமாக மிதியுங்கள். பெரும்பாலான கார்கள் பிரேக்கை விட்டுவிடும். உங்கள் மாடல் எப்படி என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள்.

கேள்வி: முன் கண்ணாடியை மாற்றினேன். "எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, காலிபரேஷன் தேவையில்லை" என்றார் கடைக்காரர். சரிதானா?

பதில்: சரியில்லை. காலிபரேஷன் என்பது கேமராவின் பார்வையைக் காரின் நேருக்குச் சரிசெய்வது. கேமராவுக்கு மின்சாரம் வருகிறது, படம் தெரிகிறது என்றால் விளக்கு எரியாமலே இருக்கலாம். கேமரா நேராகப் பார்க்கிறது என்பதற்கு விளக்கு எரியாதது சான்றே அல்ல.

கணக்கைப் பாருங்கள்: 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை சுமார் 1.75 மீட்டர் தள்ளிப் போகும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்தில் போகும் கார் உங்களுக்கு நேரே இருப்பதாகத் தோன்றும், நேரே இருப்பது விலகியதாகத் தோன்றும்.

காலிபரேஷன் இரண்டு வகை. பணிமனையில் இலக்குப் பலகையை, தயாரிப்பாளர் சொன்ன தூரத்திலும் உயரத்திலும் வைத்துச் செய்வது ஒன்று. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறித்த வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. சில மாடல்களுக்கு இரண்டும் வேண்டும். பலகை வகையில் தவறு நேர்வது பெரும்பாலும் முன்னேற்பாட்டில்தான்: தரை லெவலாக இல்லாதது, டயரில் காற்று ஏறுக்குமாறாக இருப்பது, டிக்கியில் சுமை, பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம். வீல் அலைன்மென்ட்டை முதலில் முடித்துவிட வேண்டும். கார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையை வைத்துத்தான் கேமராவின் நேர் முடிவாகிறது. அலைன்மென்ட்டைப் பிறகு செய்தால் முன்பு செய்தது வீணாகும்.

கேமரா உட்காரும் பிராக்கெட் புதுக் கண்ணாடியில் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா, பசை முழுதும் இறுகிவிட்டதா என்று கேளுங்கள். முடிந்ததும் ஸ்கேனர் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். சஸ்பென்ஷன் வேலை, காரின் உயரத்தை மாற்றும் ஸ்பிரிங், வேறு அளவு சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகும் இதே சோதனை வேண்டும்.

கேள்வி: பம்பரில் சிறு விரிசல். பட்டி வைத்துப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: ரேடாருக்கு நேர் எதிரே உள்ள பகுதியில் வேண்டாம். பட்டியின் கனமும், பல பூச்சுப் பெயின்ட்டும், மெட்டாலிக் பெயின்ட்டில் உள்ள உலோகத் துகளும் அலையை மங்கச் செய்யும், திருப்பும். விரிசல் அந்த இடத்தில் இருந்தால் பம்பரை மாற்றுவதே முறை. எம்பளத்துக்குப் பின்னால் ரேடார் இருந்தால் சாதாரண குரோம் எம்பளம் பொருத்தாதீர்கள். அதற்கென்று தனி பிளாஸ்டிக்கில் செய்த அசலே வேண்டும்.

கேள்வி: தானியங்கி பிரேக் இருந்தும் நின்றிருந்த காரில் என் கார் மோதிவிட்டது. பிறகு இது எதற்கு?

பதில்: இது மோதலே நடக்காமல் செய்யும் உத்தரவாதம் அல்ல. கார்களுக்கான ஐ.நா. 152ஆம் விதிமுறையே அப்படிக் கேட்பதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நின்ற காரை நெருங்கும்போது, மோதும் வேகம் 35 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அதன் வரம்பு. ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 என்பது 35 ஆனால் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. உயிர் பிழைப்பதற்கும் பிழைக்காததற்கும் இடையிலான வித்தியாசம் அதில் இருக்கிறது.

ஈரச் சாலையும் தேய்ந்த டயரும் கணக்கை மாற்றும். நல்ல பிடிப்பில் 100 கி.மீ. வேகத்திலிருந்து முழு பிரேக்கில் நிற்க சுமார் 43 மீட்டர் போதும். பிடிப்பு குறைந்து வேகக்குறைப்பு பாதியானால் தூரம் இரட்டிப்பாகும். கணினி எவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்தாலும் சாலையைப் பிடிப்பது டயர்தான்.

இரவு நடையாளர் விஷயத்தில் அதிக கவனம் வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2022இல் வெளியிட்ட ஆய்வில், நடையாளரைக் கண்டறியும் பிரேக் உள்ள கார்களில் அத்தகைய விபத்துகள் 27 சதவீதம் குறைவாக இருந்தன. விளக்கில்லாத இருண்ட சாலைகளில் வித்தியாசமே தெரியவில்லை. இருட்டில் இதை நம்பி வேகமாகப் போகாதீர்கள்.

கேள்வி: தொல்லை தாங்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: கூடாது. அதே ஃபியூஸில் வேறு பாதுகாப்பு வசதிகளும் சேர்ந்திருக்கலாம். இழுத்துச் செல்லும் தானியங்கி கார் கழுவுமிடம், ரோலர் மீது பிரேக் சோதனை, டோயிங் போன்ற நேரங்களில் மட்டும் மெனுவில் போய் அணையுங்கள். 152ஆம் விதிமுறைப்படி செய்த கார்களில் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும்.

கேள்வி: "முன் சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்று அடிக்கடி வருகிறது.

பதில்: கனமழையில் வந்து, மழை விட்டதும் போய்விட்டால் அது இயல்பு. வெயிலிலும் நின்றால் ரேடார் உள்ள இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். கேமராவுக்கு முன்னே ஸ்டிக்கரோ கூலிங் ஃபிலிமோ இருந்தால் அகற்றுங்கள். வைப்பர் அங்கே கோடு விடுகிறதா என்று பாருங்கள். கேமராவின் உறைக்குள் கண்ணாடியில் மெல்லிய புகைப்படலம் படிந்திருந்தால் வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை. அதைப் பணிமனையில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதோடு ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தால் சென்சாரை விட்டுவிட்டு, சக்கர வேக சென்சார், பிரேக் லைட் சுவிட்ச், பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். பிரேக்கை அழுத்துவது ஏ.பி.எஸ். யூனிட்தான், அதில் பழுது இருந்தால் அவசர பிரேக்கும் விலகிக்கொள்ளும்.