பெருமாளின் புள்ளி எங்கே போயிற்று?

கேள்வி: தோட்டத்துக் கொழுந்துக் கணக்குக்கு பைதன் என்ற கணினி மொழியில் ஒரு செயலி எழுதுகிறேன். அதில் நான் சேர்த்திருக்கும், அட்டவணை அச்சிடும் திறந்த மூல லைப்ரரி (பிறர் எழுதிப் பொதுவில் வைத்த கோட் தொகுப்பு) தமிழ்ப் பெயர்களை அரைகுறையாக வெட்டிவிடுகிறது. ‘தமிழ் ஆதரவு வேண்டும்’ என்று அதன் பக்கத்தில் இஷ்யூ (குறை முறையீடு) போட்டேன். ஒரே நாளில் மூடிவிட்டார்கள். எப்படிக் கேட்டால் எடுபடும்? – வாசகர், ஹட்டன்

பதில்: மூடியவர் மேல் கோபம் வேண்டாம். ‘தமிழ் ஆதரவு’ என்றால் எதை நினைப்பார்? மொழிபெயர்ப்பா, எழுத்துருவா? சம்பளமில்லாமல், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறவராகவும் இருக்கலாம். தமிழ் தெரியாதவரும் ஓட்டிப் பார்க்கிற மாதிரி நாலு வரி கொடுங்கள்.

‘பெருமாள்’ என்ற பெயரையே எடுங்களேன். நமக்கு நாலு எழுத்து. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைதனின் லென் (len) 8 என்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். அட்டவணையில் பெயர் நிரலின் (column) அகலம் 7 என்றால் புள்ளி வெட்டுப்பட்டு, சம்பளப் பட்டியலில் ‘பெருமாள’ என்று நிற்பார். அந்த வரி, வந்த விடை, வரவேண்டிய விடை, லைப்ரரியின் பதிப்பு எண்: இவ்வளவும் இஷ்யூவில் இருக்கட்டும். சிங்களத்துக்கும் இந்திக்கும், ஏன், குடும்ப இமோஜிக்கும் இதே கதிதான் என்று ஒரு வரி சேருங்கள். அப்போது இது ஹட்டன்காரர் ஒருவரின் தலைவலியாக மட்டும் தெரியாது.

தீர்வையும் தமிழுக்கென்று தனியாகக் கேட்காதீர்கள். எழுத்து எங்கே முடிகிறது என்பதற்கு யூனிகோடின் 29ஆம் இணைப்பில் பொது விதியே இருக்கிறது. அதன்படி வெட்டும் ஒரு தெரிவை (option) கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பழையபடியே ஓடட்டும். இதுதான் முக்கியம். பழைய நடத்தையை மாற்றினால் மற்றவர்கள் தங்கள் செயலியைச் சரிபார்க்க எழுதிய டெஸ்டுகள் உடையும், லைப்ரரிக்காரர் பெரிய பதிப்புக்காகக் காத்திருப்பார். தெரிவு என்றால் சின்னப் பதிப்பிலேயே வந்துவிடலாம்.

இன்னொன்று: ‘மா’வும் ‘ரு’வும் அச்சில் ஒரே அகலமில்லை. அது வேறு வழக்கு, இந்த இஷ்யூவில் நுழைக்காதீர்கள்.

சம்மதம் கிடைக்குமுன் கோட் எழுதி அனுப்பவும் வேண்டாம். நானே முன்பு ஒருமுறை இரண்டு வாரம் உழைத்து அனுப்பி, ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்ற ஒற்றை வரியை வாங்கியிருக்கிறேன்.

சரி, இந்த மாதச் சம்பளத்துக்கு? எழுத்துக் கோலங்களைத் தேடிப் பிடிக்கும் ‘ரீஜெக்ஸ்’ (regex) என்ற தனி மொடியூலை நிறுவுங்கள். பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறி (\X), அதில் முழு எழுத்தைப் பிடிக்கும். அதே வேலைக்குப் பைதனோடு வரும் ‘ஆர்ஈ’யில் (re) அந்தக் குறி கிடையாது. பெயரை அதில் வெட்டி, அகல எல்லையை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். வரிசை கொஞ்சம் முன்பின் நிற்கும், புள்ளி போகாது.