முகமூடி வேண்டாம், காகிதத்தைக் கிழிக்க விடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. இரவில் படப் புத்தகம் வாசித்தால் ஆசையாகக் கேட்கிறாள். கதையை ஒட்டி ஏதாவது செய்யலாமே என்று யூடியூப் பார்த்து சிங்க முகமூடி, பேப்பர் தட்டு மீன் என்று ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள், கடைசியில் வெட்டி ஒட்டுவது நான்தான். சின்ன வாடகை வீடு வேறு. தொடரவா, விட்டுவிடவா?
– ஒரு அம்மா, செம்பூர், மும்பை

பதில்: தொடருங்கள், முகமூடியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வீடியோக்களில் கடைசியில் என்ன வர வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது, நாலரை வயதுக் கைக்கு கத்தரி இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது, அவளாக யோசித்துச் செய்ய அதில் எதுவும் மிச்சமில்லை, அப்புறம் எழுந்து ஓடாமல் என்ன செய்வாள்?

இனி ஒரு புத்தகத்தைத் திறந்தால், அதில் உள்ள சிங்கத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். கிழித்து ஒட்டியதா, விரலால் தடவியதா, எதையோ நனைத்து அச்சுக் குத்தியதா? அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கமே வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

லியோ லியோனியின் ‘லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ’ என்று ஒரு புத்தகம், 1959இல் வந்தது. ரயிலில் பேரப்பிள்ளைகளைச் சமாளிக்க, கையிலிருந்த பத்திரிகையைக் கிழித்து, துண்டுகளையே ஆட்களாக வைத்து அவர் சொன்ன கதை அது. நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிடுவார்கள், சொந்த அப்பா அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. இதற்குக் கத்தரி எதற்கு? சங்கராந்திக்குப் பட்டம் செய்கிற மெல்லிய காகிதத்தில் இந்த இரண்டு நிறமும் வாங்கி, அவளையே கிழிக்கச் சொல்லுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை தெரியும். பசைக்கு நாலு பருக்கை சோறு போதும். கொஞ்ச நேரத்தில் இது அப்பா, இது கீழ்வீட்டு ஆன்ட்டி என்று துண்டுகளுக்குப் பெயர் வைக்க ஆரம்பிப்பாள், அந்த நேரத்தில் தயவுசெய்து திருத்தாதீர்கள்.

மும்பையில் இருந்துகொண்டு வார்லியை விடலாமா? பக்கத்து பால்கர் மாவட்டத்தில் வார்லி மக்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரைகிற ஓவியம். நம் வீட்டு மாக்கோலத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. இரண்டு முக்கோணம் முனையோடு முனை தொட்டால் உடம்பு, மேலே ஒரு வட்டம் தலை, கை காலுக்குக் கோடு, ஆள் தயார். முக்கோணம் கோணலாக வந்தால் வரட்டும். நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட்டை விரித்து, அரிசி மாவைக் கெட்டியாகக் கரைத்து, காது பட்ஸோ விரலோ கொடுத்துவிடுங்கள். (கடைக் கோலப்பொடி வேண்டாம், பெரும்பாலும் கல்மாவு.) கல்யாணம், திருவிழா என்று ஆட்கள் நிறைய வருகிற எந்தக் கதைக்கும் இது பொருந்தும், குர்லா ஸ்டேஷன் கூட்டத்தைக்கூட அவள் வரையலாம்.

வாசித்த அன்றே செய்ய வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஒரே புத்தகத்தை நாலைந்து இரவு படியுங்கள், சனிக்கிழமை காலையில் காகிதத்தை எடுங்கள். புத்தகத்துக்குப் பெரிதாகச் செலவழிக்கவும் வேண்டாம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்கள் கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இலவசம், போனில் படிப்பதைவிட பிரிண்ட் எடுத்தால் நல்லது.

வாடகைச் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம், தரையில் பழைய பேப்பர் விரித்து அதற்குள்ளேயே எல்லாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மாவும் சோறும் பட்ட காகிதத்துக்கு எறும்பு வரும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காயவைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, எதை வைத்துக்கொள்வது என்பதை அவளிடமே கேளுங்கள்.