11 வயதுப் பிட்சரை, அதாவது பந்து வீசுபவனை, எப்போது நிறுத்துவது? அடுத்த பேட்டர் எங்கே காத்திருப்பது?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்துக்கு முதன்முறையாக அம்பயராக நிற்கப்போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதிப்படி ஆடுவதாக வைத்துச் சொல்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஓவரை எண்ணித்தான் பழக்கம். இங்கே எண்ண வேண்டியது ஒவ்வொரு பந்தையும். 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 9, 10 வயதினருக்கு 75. ஒரு பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது 85 தொட்டால், அந்த பேட்டரின் முறை முடியும்வரை வீசலாம். பிறகு மாற்றியே ஆக வேண்டும். 66 பந்தோ அதற்கு மேலோ வீசியவனுக்கு 4 நாள் ஓய்வு. எண்ணுவது ஸ்கோரர் வேலை. பயிற்சியாளரிடம் சொல்வது உங்கள் வேலை. "இன்னும் ஒரே ஒருவன், அண்ணா" என்று கெஞ்சுவார்கள். இரங்காதீர்கள், அது வளரும் பிள்ளையின் தோள்.

12 வயதுவரை, அடுத்த பேட்டர் வெளியே நின்று மட்டை சுழற்றக் கூடாது. அரை இன்னிங்ஸின், அதாவது ஓர் அணி மட்டை பிடிக்கும் முறையின், முதல் பேட்டருக்கு மட்டும் விலக்கு. மற்றவன் ஹெல்மெட் மாட்டி, கையுறையை இறுக்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். மட்டை சுவரில் சாய்ந்திருக்கட்டும். முறை வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் போதும், ஆட்டம் தேங்காது.