சிவகாமிக்கு வீம்பா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகங்களையும் போன வாரம்தான் முடித்தேன். முதல் இரண்டு பாகமும் தூங்கவிடவில்லை. ஆனால் பல்லவ இளவரசர் மாமல்லர் உயிரைப் பணயம் வைத்து, அவள் சிறைப்பட்டிருக்கும் சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்கே வந்து கூப்பிடும்போது சிவகாமி வரமாட்டேன் என்கிறாளே, அந்த இடத்தில் எனக்குக் கதை விட்டுப்போயிற்று. ஒருத்தியின் வீம்புக்காக ஒரு நகரமே எரிய வேண்டுமா? ஒன்பது வருஷம் காத்திருந்தவளைக் கடைசியில் கோயிலில் கொண்டுபோய் விடுவது, கதையை முடிக்க வேறு வழி தெரியாமல் செய்ததாகவே படுகிறது. இதைக் காதல் கதை என்று சொல்ல மனம் வரவில்லை. சிவகாமி என்று ஒருத்தி உண்மையில் இருந்தாளா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிவகாமி கற்பனை, அவள் தந்தை சிற்பி ஆயனரும் கற்பனை. மாமல்லன் நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தது வரலாறு, வாதாபி இருந்த இன்றைய பாதாமியில் பாறையிலேயே அவன் கல்வெட்டு இருக்கிறது. அவன் தளபதி பரஞ்சோதியும் நிஜம். ‘வாதாவித் தொன்னகரம் துகளாக’ என்று சேக்கிழார் பாடுவது அவரைத்தான். இந்தப் படையெடுப்புக்கு உள்ளே ஒரு சிற்பியின் மகளை வைத்து, எல்லாம் அவளால் நடந்தது போல நம்மை நம்பவைத்தார் கல்கி. 1944 முதல் 1946 வரை வாராவாரம் தொடராக வந்த கதை, அதனால் சில இடங்களில் இழுவை உண்டு. புத்த பிக்ஷு நாகநந்தியும் வாதாபி மன்னன் புலிகேசியும் அச்சு அசலாக ஒரே முகம் என்பதை வைத்துக்கொண்டு அவர் ஆடும் ஆட்டம் எனக்கும் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் வீம்பு என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நாற்சந்தி நடனத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். சிறைபிடித்து வந்த தமிழ்நாட்டு ஜனங்களை வாதாபித் தெருவில் நிறுத்திச் சாட்டையால் அடிக்கிறார்கள். அவள் ஆடினால் அடி நிற்கும். மாமல்லரின் தந்தை மகேந்திரரின் சபையில் ஆடிய பெண், ஆயனரின் காட்டு வீட்டில் சிலைகளுக்கு நடுவே வளர்ந்த பெண், நாற்சந்தியில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு முன்னால் சலங்கை கட்டி ஆடுகிறாள். வாதாபி எரிந்து அழிந்த பிறகுதான் இங்கிருந்து கிளம்புவேன் என்ற சபதம் அதற்கப்புறம் வருவது. மாமல்லர் மாறுவேடத்தில் வந்து கூப்பிடும்போது அது ஒருத்தியை மட்டும் இரவோடு இரவாக மீட்டுப்போகிற ஏற்பாடு. அவள் யாருக்காகத் தெருவில் ஆடினாளோ அவர்கள் எல்லாரும் அங்கேயேதான் இருப்பார்கள். அவள் வாயில் வருவது சபதம் என்ற ஒரு சொல்தான், சரி, ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்தத் தெரு முழுக்க இருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

நகரம் எரிந்ததில் உங்களுக்கு இருக்கும் உறுத்தல் நியாயமானது, அது கதைக்குள்ளேயே இருக்கிறது. வாதாபியை வென்ற தளபதி பரஞ்சோதியே வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகிப் போகிறார் பாருங்கள். பெரிய புராணத்தில், சிவனடியாரைப் போருக்கு அனுப்பிவிட்டேனே என்று மன்னன் அவரிடம் பொறுத்தருளச் சொல்லி, அவரைத் திருச்செங்காட்டங்குடிக்கு அனுப்பிவைப்பான்.

அப்புறம், இந்தக் காதலைக் கெடுத்தது சபதமே இல்லை என்பது என் கட்சி. கெடுத்தது மகேந்திர பல்லவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் பொறித்துவைத்த அதே கலைப்பித்தர்தான். சிவகாமியின் ஆட்டத்தை அவரைப் போல ரசித்தவர் கதையில் வேறு யாரும் இல்லை, ஆனால் அவள் பல்லவ சிம்மாசனத்தில் உட்காருவதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. மகனை அவளிடமிருந்து தள்ளிவைத்துக்கொண்டே இருக்கிறார், கடைசியில் பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். சிவகாமி அன்று இரவே கிளம்பி வந்திருந்தால் மட்டும் அவர் பட்டமகிஷி ஆக்கியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

முடிவுக்கு வருகிறேன். ஊர் திரும்பியவள் அரசனுக்கு ஒரு ராணியும் மகனும் மகளும் இருப்பதைப் பார்க்கிறாள். ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போய் இறைவன் பேரில் தாலி கட்டிக்கொண்டு, ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்ற அப்பர் பாட்டுக்கு ஆடுகிறாள். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அவனுக்கே பித்தாகி, பெற்றோரை நீத்து, தன்னையே மறந்து ‘தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே’ என்று முடியும் பாட்டு. அந்த அப்பர் முதலிலிருந்தே கதையில் நடமாடுகிறவர், கடைசி நேரத்தில் கொண்டுவந்து ஒட்டிய ஆள் இல்லை. மாமல்லனுக்கு அவள் ராணியாகவும் முடியாது, இரண்டாம்தாரமாக இருக்கவும் மனம் ஒப்பாது. மீதி இருந்தது அவளுடைய ஆட்டம் ஒன்றுதான், அதை அரசனிடம் இருந்து எடுத்துக் கோயிலில் வைத்துவிட்டாள். மாமல்லர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காதல் கதை இல்லை என்று இதைப் படித்த பிறகும் சொல்வீர்களா?

நீங்கள் படித்தது முழுப் பதிப்பா, சுருக்கமா என்று எழுதவில்லை. சுருக்கம் என்றால் மூன்றாம் பாகம் ‘பிக்ஷுவின் காத’லையாவது முழுதாக வாங்கிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.