செட்டிரிசின் கொடுத்தும் குழந்தையின் அரிப்பு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: ஆறு வயது மகளுக்கு எக்ஸிமா. தினமும் அலர்ஜிக்கான செட்டிரிசின் சிரப் கொடுத்தும் ராத்திரி முழுக்கச் சொறிகிறாள். ரத்தத்தில் ஐஜிஇ அதிகம். "இதற்குக் காரணம் சைட்டோகைன், இன்டர்லூகினைத் தடுக்கும் ஊசி இருக்கிறது" என்கிறார் டாக்டர். சைட்டோகைன் என்றால் என்ன? கத்தரிக்காய், மீன், முட்டையை நிறுத்தினால் போதாதா?

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் வீட்டில் யாரோ உங்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா, அதாவது கரப்பான், வந்துவிட்டது. "மாசமா இருக்கும்போது கருவாடு வேண்டாம்னு சொன்னேன், கேட்டியா?" என்று என் மாமியார் வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் கேட்பார். பிள்ளைக்கும் கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கத்தரிக்காய், மீன், முட்டை, தக்காளி, வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாகப் போய், இட்லியும் ரசம் சாதமும்தான் மிஞ்சின. உடம்பு இளைத்தது. அரிப்பு அப்படியே இருந்தது.

நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நான் எழுதுவதை வைத்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். உணவு அலர்ஜியே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. எக்ஸிமா உள்ள சில குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ வேர்க்கடலையோ உண்மையாகவே ஆகாது. அதை டாக்டர் மேற்பார்வையில் உறுதி செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும். ரிப்போர்ட்டில் ஒரு உணவுக்கு நேராக 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டாலே அது ஆகாது என்று அர்த்தமில்லை. அந்தத் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் பாலை நிறுத்தும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

சரி, செட்டிரிசினுக்கு வருவோம். இறால் ஆகாத ஒருவர் அதைச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துப் போகும். அவருடைய தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களின் மேல், அலர்ஜியில் பங்கெடுக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறாலின் புரதம் அதில் வந்து மாட்டியதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளைக் கொட்டுகிறது. செட்டிரிசின் அந்த ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது, அந்த அரிப்புக்கு அது நல்ல மருந்து. உங்கள் மகளின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் ஹிஸ்டமின் காரணமில்லை. மருந்து வாசலில் காவல் நிற்கிறது, அரிப்பு கொல்லைப்புறமாக வருகிறது.

அந்தக் கொல்லைப்புற வழிதான் சைட்டோகைன். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியே விடும் சின்னச் சின்னப் புரதங்கள் இவை. இன்டர்லூகின் என்பதும் அதில் ஒரு வகை, கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டிருக்கிறார்கள். எக்ஸிமாவில் கதை தோலிலிருந்தே தொடங்குகிறது. தோலை இறுக்கமாக வைத்திருக்க ஃபிலாக்ரின் என்ற புரதம் வேண்டும். எக்ஸிமா உள்ளவர்களில் பலருக்கு அதன் மரபணுவிலேயே பழுது இருப்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு கண்டுபிடித்தது. வறண்டு வெடித்த தோலுக்குள் தூசியும் கிருமியும் நுழையும்போது, தோல் செல்களே டிஎஸ்எல்பி (இதுவும் ஒரு சைட்டோகைன்), இன்டர்லூகின்-33 போன்ற ஆபத்துச் செய்திகளை அனுப்புகின்றன. அதைக் கேட்டு வரும் நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின் 4, 5, 13, 31 ஆகியவற்றைச் சுரக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்லிடம் 'ஐஜிஇ தயார் செய்' என்று சொல்வது இன்டர்லூகின்-4. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த உயர்ந்த எண்ணே அது சுறுசுறுப்பாக இருப்பதற்கு ஒரு தடயம். 13-ம் 4-ம் சேர்ந்து, இருக்கிற கொஞ்ச ஃபிலாக்ரினையும் குறைத்துவிடுகின்றன. தோல் இன்னும் வறள்கிறது, செய்தி இன்னும் அதிகமாகப் போகிறது. 31 நேராக அரிப்பு நரம்பிலேயே போய் உட்காருகிறது. 2004-ல் எலிகளின் உடம்பில் 31-ஐ அதிகமாகச் சுரக்கவைத்தபோது அவை ஓயாமல் சொறிந்து தோலைப் புண்ணாக்கிக்கொண்டன. 4-ம் 13-ம் கூட நரம்பை நேரடியாகத் தூண்டிவிடுகின்றன என்பது 2017-ல் தெரியவந்தது.

இதைப் படித்த அன்று நான் அழுதேன். "கையை எடுடா, கையை எடுடா" என்று வீட்டில் எல்லோரும் அவனை அதட்டிக்கொண்டே இருந்தார்கள், பிடிவாதக்காரன் என்று பேரும் வைத்தார்கள். நரம்பிலேயே செய்தி வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளை என்ன செய்வான்?

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். இன்னொரு பிள்ளையின் பெற்றோர் 'ஒட்டிக்கொள்ளும்' என்று புகார் செய்ததும் இவனைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இது தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்கள், இடத்தை மாற்றவில்லை. கடைசியில் நாங்கள்தான் பள்ளியை மாற்றினோம். வருடங்கள் போய்விட்டன, எனக்கு ஆறவில்லை. உங்கள் மகளுக்கு இப்படி நடந்தால் முதல் நாளே போய்க் கேளுங்கள்.

அடுத்து, "ஸ்டீராய்டு விஷம், வேப்பிலையும் மஞ்சளும் போதும்" என்று எனக்குப் பதில் எழுதப் போகிறவர்களுக்கு. வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. செக்குத் தேங்காய் எண்ணெய் இன்றும் எங்கள் வீட்டில் உண்டு. ஆனால் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் செய்வது என்ன? செல்லுக்குள் போய், இந்த இன்டர்லூகின்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலையையே அடக்குகிறது. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட்டால் அது பிள்ளையைத் தூங்க வைக்கும் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும், ஸ்டீராய்டு உட்பட மூன்று மருந்து கலந்த ட்யூபை மாதக்கணக்கில் பூசித் தோலை மெலியவைப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். முகத்துக்கும் கண்ணோரத்துக்கும் எங்களுக்கு டாக்ரோலிமஸ் கொடுத்தார்கள். ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரில் 1984-ல் கிடைத்த பொருள் அது. டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் சுரப்பதைத் தடுக்கிறது, தோலை மெலியவைப்பதில்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், அப்புறம் இந்த இரண்டும் என்று ஒழுங்காகச் செய்ததில் என் மகனுக்கு ஊசி தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் டாக்டர் சொல்லும் ஊசி டுபிலுமாப் ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இன்டர்லூகின் 4, 13 இரண்டுக்கும் செல்லின் மேல் பொதுவாக ஒரு ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் இடம், உண்டு, அதை மூடிவிடுகிறது. அமெரிக்காவில் 2017-ல் பெரியவர்களின் எக்ஸிமாவுக்கும், 2022-ல் ஆறு மாதக் குழந்தை முதலும் அனுமதித்தார்கள். எந்தச் செய்தியைத் தடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்டர்லூகின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப், ஈசினோஃபில் (இன்டர்லூகின்-5 வளர்க்கும் ஒரு வகை வெள்ளணு) அதிகமுள்ள கடும் ஆஸ்துமாவுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதையே எக்ஸிமாவுக்குப் போட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் ஈசினோஃபில் குறைந்தது, தோல் தேறவில்லை. ஆகவே 'அலர்ஜி ஊசி' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த மருந்து என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

விலை அதிகம், பல மாதம் தொடர வேண்டும். இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள். சிலருக்குக் கண் சிவந்து எரியும். உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசி ஏதும் பாக்கி இருந்தால் ஊசி தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். குடல் புழுவைப் பற்றியும் கேளுங்கள். இன்டர்லூகின் 4, 13 நம் உடம்பில் இருப்பதே பெரும்பாலும் புழுக்களை விரட்டத்தான். அதைத் தடுக்கும் மருந்துக்கு முன்னால் வயிற்றில் புழு இருந்தால் குணப்படுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மகளுக்குக் கடைசியாக எப்போது பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.