ஒண்டுக்குடித்தனத்தில் மூன்று கூடை

கேள்வி: காசிமேட்டில் ஓரறை வீட்டில் குடியிருக்கிறோம், சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று தனித்தனியே வைக்கும்படி 2016-இல் தில்லியிலிருந்து விதி வந்தது. எங்கள் சந்துக்குள் பேட்டரி வண்டியே நுழையாது. பேசாமல் குப்பையை மாநகராட்சியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டால் என்ன?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: நீங்கள் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகத் திடக்கழிவு மேலாண்மையையும் குறிப்பிட்டது. மத்திய அரசோ 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு 2000-இலும் 2016-இலும் விதிகளை வகுத்தது. குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை என்ற 2016-ஆம் ஆண்டு விதிகளே, அதற்கான துணைவிதிகளை அந்தந்த உள்ளாட்சி அமைப்பு இயற்றிக்கொள்ள வேண்டும் என்றும் கூறின. ஆகவே, மீன் செதிலும் குடலும் உச்சிவெயிலுக்குள் நாறத் தொடங்கும் உங்கள் சந்துக்கும், காய்கறித் தோல் மறுநாள்வரை தாங்கும் வேறொரு தெருவுக்கும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால், அந்தப் பழியைத் தில்லியின் மேல் போட முடியாது.

மாநிலம் முந்திக்கொண்டதும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மத்திய விதி, எந்த ஊரும் கைவிடக் கூடாத குறைந்தபட்சத்தைச் சொல்லட்டும்; அதற்கு மேலும் செய்ய முன்வரும் ஊரின் கையைக் கட்டாதிருந்தால் போதும்.

ஆனால், ‘மாநகராட்சியிடமே விட்டுவிடலாம்’ என்பதை வடசென்னைக்காரர் அவ்வளவு எளிதில் சொல்லலாமா? நகரின் குப்பையில் ஒரு பெரும் பங்கு பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் கொட்டப்பட்டு மலையாக எழுந்தது உள்ளூர் நிர்வாகத்தின் முடிவால்தான். அங்கே எரியுலை வேண்டாம் என்று 2025-இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றதும் மாநகராட்சியின் திட்டத்தை எதிர்த்துத்தான். கொடுங்கையூரில் இருப்பவருக்கு, மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையும் தொலைவுதான். அதிகாரம் வார்டுவரை இறங்காதவரை, ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குப் பெரிதாகப் பொருளில்லை என்பது என் கருத்து.

உங்கள் வீட்டுக்கு மூன்று கூடை வேண்டியதில்லை. பால் கவர், அட்டை முதலியவற்றைக் கழுவி உலர்த்தி ஆணியில் மாட்டிய ஒரு சாக்கில் போட்டுவைத்தால், வாரம் ஒருமுறை கொடுத்துவிடலாம். பேட்டரி, பழைய மாத்திரை போன்றவற்றுக்கு ஒரு சிறு டப்பா போதும். அன்றாடம் வெளியேற வேண்டியது மீன் கழிவுதான். உங்கள் பகுதிவாசிகள் கூடும் ‘பகுதி சபை’யின் அடுத்த கூட்டத்தில், நீங்கள் மீன் ஆயும் நேரத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு சந்துக்குள் தள்ளுவண்டி ஒரு நடை வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.